எவ்வளவு மருந்து? வாய்வழி கெட்டிக்கும் மான் வேட்டைத் துப்பாக்கி பற்றிய முந்நூறாண்டு விவாதம்

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியோடு மானைத் தேடிப் போகிறவனுக்கு ஒரே ஒரு வெடிதான் உண்டு. மறுமுறை கெட்டித்து முடிப்பதற்குள் மான் காட்டுக்குள் போயிருக்கும். அந்த ஒரு வெடி குறியில் விழ எவ்வளவு மருந்து போட வேண்டும்? எந்தக் குண்டு, அதைப் பொதிய எந்தத் துணி, எவ்வளவு இறுக்கம்? பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கணித அறிஞர், படை அதிகாரி, வேட்டைக்காரர், துப்பாக்கிக் கொல்லர் என்று பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவை எங்கே பிறந்தன, எங்கே தேய்கின்றன, எது இன்னும் தீரவில்லை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பிற்காலத் திருத்தங்களாலும் முடிந்துபோனது. துப்பாக்கி முடிந்துபோகவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில், பயிர்க் காவலுக்கான வாய்வழித் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆட்சியர் அலுவலக உரிமங்களில் வரும் எஸ்.பி.எம்.எல். என்பது ஒற்றைக் குழல் வாய்வழித் துப்பாக்கிதான். உரிமம் கையில் இருப்பதாலேயே விலங்கைச் சுட அனுமதி கிடைத்துவிடாது. அமெரிக்காவிலோ பல மாநிலங்கள் இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்குகின்றன. ஆகவே இந்தக் கேள்வி அங்கே நடப்பு; நமக்குப் பெரும்பகுதி வரலாறு, சிறுபகுதி வயற்காவல்.

கோலார் பகுதிக்கு இதில் இரட்டைத் தொடர்பு உண்டு. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை தங்கவயலுக்கு அருகில்தான் இருக்கிறது. வாய்வழித் துப்பாக்கிப் படையைப் பெரிய அளவில் கட்டிய தென்னிந்திய ஆட்சியாளர்களில் அவரும் அவர் மகன் திப்புவும் முதன்மையானவர்கள். 1880க்குப் பிறகு அதே மண்ணின் தங்கச் சுரங்கங்களில், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பாறைத் துளைக்கு எவ்வளவு மருந்து என்ற கேள்வியோடு நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். இந்த ஒப்புமைக்குப் பின்னர் வருவோம்.

உள்ளங்கைக் கணக்கு

மிகப் பழைய விடைகள் கைப்பழக்கத்தில் பிறந்தவை. குண்டை உள்ளங்கையில் வைத்து அது மறையும்வரை கரிமருந்தைக் கொட்டினால் அதுவே சரியான அளவு என்பது மேலை நாடுகளில் பரவியிருந்த ஒரு விதி. குழல் துளையின் அளவு அங்குலத்தில் 0.50 என்றால் 50 கிரெயின் மருந்தில் தொடங்கு என்பது இன்னொன்று. ஒரு கிரெயின் 0.065 கிராம், ஆக 50 கிரெயின் என்பது மூன்றேகால் கிராம் அளவு. வெடியோசை மந்தமாக இல்லாமல் சாட்டை சொடுக்குவது போல் கேட்கும்வரை மருந்தைக் கூட்டு என்பாரும் உண்டு.

இவற்றின் பலம், கருவி எதுவும் வேண்டாததுதான். குறையும் அதிலேயே இருக்கிறது. உள்ளங்கையின் குழிவு ஆளுக்கு ஆள் மாறும். துளை அளவை மட்டும் பார்க்கும் விதி குழலின் நீளத்தையும் குண்டின் எடையையும் கணக்கில் எடுப்பதில்லை. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்பதற்கு மேல் ஓசை எதுவும் சொல்வதில்லை. இவற்றைத் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளலாம், முடிவுகளாகக் கொள்ள முடியாது.

ராபின்ஸும் ஹட்டனும்

கேள்வியை அளவைக்குள் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியான அவருடைய பீரங்கியியல் நூல் ஊசல் ஒன்றை அறிமுகம் செய்தது. கனமான மரப்பலகையைத் தொங்கவிட்டு அதில் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடுவது அந்த முறை. காற்றின் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்று அதில் தெரிந்தது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடுவதால், மருந்தை மேலும் மேலும் அள்ளிக் கொட்டுவதில் பயன் குறைவு என்ற கருத்துக்கு அவர் வந்தார். வரிப்பள்ளம் வெட்டிய குழலில் குண்டு சுழல்வதால் அதன் பாதை நேர்ப்படுகிறது என்பதையும் 1747இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியா வந்த அவர், மறு ஆண்டு ஜூலையில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். குண்டின் வேகத்தை முதலில் அளந்தவரின் வாழ்வு தமிழ்க் கடற்கரையில் முடிந்தது நம் நூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

அவருக்குப் பின் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் இங்கிலாந்தின் உல்விச்சில் அதே ஊசலால் பெரிய அளவில் சோதித்தார். 1778இல் கோப்ளி பதக்கம் பெற்றார். குண்டின் வேகம் மருந்தின் எடைக்கு நேராக ஏறுவதில்லை, அதன் இருமடி மூலத்தை ஒட்டி ஏறுகிறது என்பது அவர் கண்ட விதி. மருந்தை 70 கிரெயினிலிருந்து 90ஆக உயர்த்தினால் மருந்து 29 விழுக்காடு கூடும். விதிப்படி வேகம் 13 விழுக்காடுதான் கூடும். ஒவ்வொரு குழலுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு, அதற்கு மேல் கொட்டினால் வேகம் குறையவே செய்யும் என்றும் அவர் கண்டார்.

இருவரின் குறைகளும் தெளிவானவை. குண்டு நகர்வதற்குள் மருந்து முழுவதும் எரிந்துவிடுகிறது என்று ராபின்ஸ் கருதினார், அது உண்மையில்லை. இருவரும் அளந்தது வேகத்தை. வேட்டைக்காரனின் கேள்வி அதுவன்று: அடுத்தடுத்த குண்டுகள் ஒரே இடத்தில் விழுமா என்பதே அவன் கேள்வி. வேகம் தெரிந்தால் குண்டு எவ்வளவு தாழும் என்று சொல்லலாம். எவ்வளவு சிதறும் என்று சொல்ல முடியாது.

முறுக்கு முதலா, மருந்து முதலா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விவாதம் மருந்திலிருந்து குழலின் முறுக்குக்கு நகர்ந்தது. பிரித்தானியப் படையின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் வரிப்பள்ளங்கள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றின. 530 கிரெயின் எடையுள்ள நீள்குண்டுக்கு இரண்டரை டிராம், அதாவது 68 கிரெயின் மருந்து. குண்டின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அதே எடைக் குண்டை 0.451 அங்குல அறுகோணத் துளைக்கு மாற்றி, முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இறுக்கினார். 1857இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் நடந்த சோதனைகளில் தொலை தூரங்களில் அது என்ஃபீல்டை மிக எளிதாக வென்றது. குண்டின் நீளத்துக்கேற்ற முறுக்கு அமைந்துவிட்டால் மருந்தின் அளவு இரண்டாம் நிலைக் காரணி ஆகிவிடுகிறது என்று இந்தத் தரப்பார் வாதிட்டனர்.

ஆனால் விட்வொர்த்தின் குழல் விலை உயர்ந்தது. கரிக்கசடு படிந்தால் கெட்டிப்பது கடினம். அதன் பெருமை முழுவதும் படைத் தூரங்களில் ஈட்டியது. புதருக்குள் நிற்கும் புள்ளிமானை யாரும் ஆயிரம் கெஜத்திலிருந்து சுடுவதில்லை.

இலங்கையும் மத்திய மாகாணமும்: இரண்டு வேட்டைக்காரர்கள்

வேட்டைக்காரர் தரப்பில் இரண்டு பெயர்கள் தவிர்க்க முடியாதவை. இருவரும் தங்கள் கருத்தை நம் நிலப்பகுதிகளில்தான் உருவாக்கிக்கொண்டார்கள்.

சாமுவேல் பேக்கர் 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறியவர். யானை முதல் மரைவரை வேட்டையாடிய அனுபவத்தை நூலாக எழுதினார். அவருடைய பெரிய ரைஃபிள் 21 பவுண்டு எடை. 16 டிராம், அதாவது ஏறக்குறைய 28 கிராம் மருந்தில் மூன்று அவுன்ஸ் குண்டை அது எறிந்தது. மருந்துக்கும் குண்டுக்கும் விகிதம் ஒன்றுக்கு மூன்று. கனத்த குழல், கனத்த குண்டு, மிகுந்த மருந்து என்பதே அவர் கட்சி. யானைக்கு அது பொருந்தியிருக்கலாம். தோளில் தூக்கிக்கொண்டு மான் பின்னால் நடக்க அந்தத் துப்பாக்கி உதவாது.

வங்காளப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்சித் மத்திய மாகாணக் காடுகளில் பணியாற்றியவர். 1863இல் வேட்டை ரைஃபிளையும் அதன் குண்டுகளையும் பற்றித் தனி நூல் எழுதினார். படைத்துறை நீள்குண்டை வேட்டைக்கு ஏற்காமல், உருண்டைக் குண்டையும் மிக மெதுவான முறுக்கையும் பெரிய மருந்தளவையும் அவர் பரிந்துரைத்தார். காரணம் எளிது. இறுகிய முறுக்கில் மிகுந்த மருந்தைப் போட்டால், துணியில் பொதிந்த குண்டு வரிப்பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கி வெளியேறும். முறுக்கு தளர்ந்திருந்தால் மருந்தைக் கூட்டலாம், பாதை தட்டையாகும், தூரத்தைச் சற்றுத் தவறாக மதித்தாலும் குண்டு மானின் உயிர்நிலையில் விழும். ஒரு பவுண்டு ஈயத்தில் 14 உருண்டைகள் வார்க்கும் அளவான ‘14 துளை’க் குழலுக்கு அவர் சொன்ன முறுக்கு 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1879இல் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் முறுக்குக்கு ஒரு சூத்திரம் தந்தார். குண்டின் விட்டத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கோ அதனால் வகுக்க வேண்டும். உருண்டைக் குண்டில் நீளமும் விட்டமும் ஒன்றே. 14 துளையின் விட்டம் 0.693 அங்குலம், 150ஆல் பெருக்கினால் 104 அங்குலம். நீள்குண்டுக்காக வகுத்த சூத்திரம் என்பதால் இதைப் பெரிய சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் காட்டில் பட்டறிவால் வந்த எண்ணும் மேசையில் வந்த எண்ணும் இவ்வளவு நெருங்குவது கவனிக்கத்தக்கது.

ஃபோர்சித்தின் கட்சிக்கும் பலவீனம் உண்டு. உருண்டைக் குண்டு காற்றில் விரைவில் களைக்கிறது. 0.50 அங்குலத் துளையிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் வேகத்தில் கிளம்பும் உருண்டை, 100 கெஜம் போவதற்குள் 350 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வாயில் கூட்டிய வேகத்தின் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. நூறாண்டுக்கு முன்னரே ராபின்ஸ் சொன்னதும் இதுதான்.

கரிக்கசடும் வறண்ட காற்றும்

ஐரோப்பிய நூல்கள் குறைவாகப் பேசிய காரணி தட்பவெப்பம். கரிமருந்து எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 57 விழுக்காடு, திடப்பொருளாகவோ உருகிய பொருளாகவோ எஞ்சுகிறது என்று நோபிள், ஏபெல் என்ற ஆய்வாளர்கள் 1875இல் அளந்தார்கள். அதன் பெரும்பகுதி வாய்வழியே வெளியேறும். மீதி குழலின் சுவரில் படியும். ஈரக்காற்றில் அந்தக் கசடு மென்மையாக இருக்கும். வறண்ட வெயிலில் ஓடுபோல் இறுகும். இந்திய வெப்பத்தில் என்ஃபீல்டு குண்டுகளைக் கெட்டிப்பது கடினம் என்பது 1857இன் போர்க்களங்களில் தெரிந்தது. பின்னர் குண்டின் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55ஆகக் குறைக்கப்பட்டது. மருந்தளவை மாற்றாமலே குண்டின் பொருத்தத்தை மாற்றித் தீர்வு கண்டார்கள் என்பது இதில் முக்கியம்.

கோலார் போன்ற வறண்ட மேட்டுநிலத்துக்கு இதன் பொருள் வெளிப்படை. லண்டன் ஈரத்தில் நன்றாகச் சுட்ட அளவு இங்கே மூன்றாவது வெடியிலேயே கெஜக்கோலை இறங்க விடாமல் செய்யலாம். கசட்டைத் துடைத்துவிட்டுச் சுடுவதா, படிந்தபடியே சுடுவதா என்பதில் இன்றும் இரு கட்சிகள். வேட்டையில் முதல் வெடி சுத்தமான குழலிலிருந்து போகிறது. அந்த முதல் வெடி மற்றவற்றிலிருந்து விலகி விழுவது பலரும் கண்ட ஒன்று. ஆகவே ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் துடைத்துச் சோதிப்பதே வேட்டைக்கு நெருங்கிய சோதனை என்ற வாதம் வலுவாகத் தெரிகிறது.

சூத்திரக் கட்சி

கெட்டிக்கும் துப்பாக்கியை அமெரிக்கர்கள் இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டாக மீட்டெடுத்தார்கள்; அதற்கான தேசியச் சங்கம் 1933இல் தொடங்கியது. அவர்களிடையே புழங்கும் ஒரு சூத்திரம் டேவன்போர்ட் பெயரில் வழங்குகிறது: குழலின் ஒவ்வொரு கன அங்குலத்துக்கும் 11.5 கிரெயின் மருந்துதான் பயனுள்ள வகையில் எரியும். 28 அங்குல நீளமும் 0.50 அங்குலத் துளையும் உள்ள குழலுக்கு இது 63 கிரெயின். 39 அங்குல என்ஃபீல்டுக்கு 117 கிரெயின்; படை போட்டதோ 68தான். பேக்கரின் பெரிய ரைஃபிளை 36 அங்குலக் குழலாகக் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 360 கிரெயின் வருகிறது. அவர் போட்டதோ 437.

ஒன்று சூத்திரத்தில் பாதியை ஒட்டி நிற்கிறது, மற்றொன்று ஐந்தில் ஒரு பங்கு தாண்டுகிறது. இரண்டும் அவரவர் வேலையைச் செய்தன. இதிலிருந்து தெரிவது, சூத்திரம் வீணாகும் மருந்தைப் பற்றிப் பேசுகிறதே தவிரக் குறியைப் பற்றிப் பேசவில்லை என்பதே. மருந்தின் குருணை அளவு, குண்டின் மேல் அழுத்தம், துணியின் தடிப்பு ஆகியவை சூத்திரத்துக்கு வெளியே நிற்கின்றன.

சோதித்துத் தேறும் கட்சியும் அதன் கணக்குப் பிழையும்

இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் விடை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகச் சோதித்தறிவது. தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவுக்குள் நின்று, குறைந்த அளவில் தொடங்கி, ஐந்தைந்து கிரெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் மூன்று வெடி சுட்டு, தடங்கள் எங்கே நெருங்கி விழுகின்றனவோ அதை எடுத்துக்கொள்வது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் இதன் விதி. மருந்தை முதலில் நிலைநிறுத்திப் பிறகு துணியை மாற்றுவர், அதன்பின் எண்ணெயை.

முறை நியாயமானது, எண்ணிக்கைதான் போதவில்லை. குண்டுகள் இயல்பான வகையில் சிதறுகின்றன என்று கொண்டால், ஒரே துப்பாக்கியில் ஒரே மருந்தளவில் சுட்ட மூன்று வெடித் தொகுதிகளின் அகலம் சராசரியிலிருந்து 37 விழுக்காடு ஏறி இறங்குவது சாதாரணம். ஐந்து வெடியானால் 27, பத்து வெடியானால் 20 விழுக்காடு அளவு. அதாவது சராசரி மூன்று அங்குலம் தரும் ஒரே கெட்டிப்பு ஒருமுறை இரண்டும் மறுமுறை நான்கும் காட்டலாம். இரண்டு அங்குலம் தந்த 80 கிரெயினைத் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு என்று கொண்டாடி, நான்கு தந்த 75ஐத் தள்ளிவிடுபவர் பெரும்பாலும் தற்செயலைத்தான் தேர்ந்தெடுக்கிறார். குறிப்பிட்ட மருந்தளவில் குழலின் அதிர்வு இசைந்து குறி கூடுகிறது என்ற கொள்கைக்கும் இதே தடை உண்டு. அது தவறு என்று நிறுவப்படவில்லை; சிறு தொகுதிகளை வைத்து நிறுவவும் முடியாது.

எழுதப்படாத பக்கம்

இதுவரை பார்த்த வேட்டை நூல்கள் எல்லாம் வரிப்பள்ளம் உள்ள ரைஃபிளைப் பற்றியவை. தமிழ்நாட்டிலும் கோலார் பக்கத்திலும் வயற்காவலில் நின்ற துப்பாக்கிகளோ பெரும்பாலும் வரியில்லாக் குழல்கள். நரிக்குறவர் கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கியும் ஈழத்து உழவர் வைத்திருந்த இடியன் துவக்கும் இந்த வகைதான். ஒற்றைக் குண்டோ கைப்பிடி ரவையோ அடைத்து, மிகக் கிட்டத்தில் சுடும் கருவிகள். இவற்றில் முறுக்கு பற்றிய விவாதம் முழுவதும் பொருளற்றுப் போகிறது. அடைப்பின் இறுக்கமும் மருந்தின் தரமும் முன்னுக்கு வருகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்த அறிவு ராபின்ஸின் ஊசல் போன்ற எந்த அளவுகோலின் முன்னும் நின்றதில்லை.

கோலாரின் ஒப்புமை உதவுவது இங்கேதான். சுரங்கத் துளையிலும் மருந்து குறைந்தால் துளையின் அடிப்பகுதி உடையாமல் நிற்கும். மிகுந்தால் தேவையற்ற சுவரும் கூரையும் தளரும். அடைப்பு சரியில்லாவிட்டால் வேகம் வெளியே ஓடிவிடும். பாறையை உடைக்கும் வெடிபொருள் அதிர்ச்சியால் வேலை செய்கிறது, துப்பாக்கி மருந்தோ தள்ளுகிறது. எனவே எண்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. ஆனால் அறிவைக் கையாண்ட விதத்தை ஒப்பிடலாம். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகளின்படி வெடிவைப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும், தேர்வு உண்டு. 2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபோதும் அந்த அறிவு விதிகளிலும் பதிவேடுகளிலும் தங்கியது. நாட்டுத் துப்பாக்கியின் அறிவுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை.

மதிப்பீடு

மூன்று முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். முதலாவது, மருந்தளவு தனித்து நிற்கும் விடையன்று; முறுக்கு, குண்டின் வடிவம், பொருத்தம் ஆகியவை அமைந்த பிறகே அதற்குப் பொருள் வருகிறது. இரண்டாவது, மருந்தைக் கூட்டுவதன் பயன் ஹட்டன் சொன்னபடி வாயிலேயே குறைகிறது, ராபின்ஸ் சொன்னபடி காற்றில் மேலும் குறைகிறது. மான் வேட்டைத் தூரங்களில் நடுத்தர அளவே பெரும்பாலும் போதும். மூன்றாவது, பேக்கர், விட்வொர்த், ஃபோர்சித் மூவரும் முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அவர்கள் வெவ்வேறு விலங்குக்கும் தூரத்துக்கும் விடை சொன்னதே.

தீராதவையும் உண்டு. குழலின் அதிர்வுக்கும் மருந்தளவுக்கும் உள்ள உறவு, வறண்ட வெப்பத்தில் கசடு குறியை எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்பது, சுத்தமான குழலின் முதல் வெடி ஏன் விலகுகிறது என்பது ஆகியவற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட வெடிகளைக் கொண்ட தொகுதிகள் பல வேண்டும். அதைவிட அவசரமானது, நாட்டுத் துப்பாக்கியைக் கையாண்ட முதியவர்களின் அறிவைப் பதிவு செய்வது. வேட்டையை மீட்பதற்காக அன்று. தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்காக. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் அந்த வேலையை இந்தத் தலைமுறையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.